சூட்டுக் கை

வண்டி வாங்க வந்தவரின் மனைவி கதவைத் திறந்து குதித்த வேகத்தைப் பார்த்து, சீட்டுக்கு அடியில் பாம்பு ஏதாவது கிடந்ததோ என்று நினைத்தேன். செருப்பை உதறிவிட்டு நேரே எங்கள் வாசல் குழாயடிக்குப் போய், பாதங்களை மாற்றி மாற்றித் தண்ணீரில் காட்டினாள். "அப்பாடி, கால் வெந்தே போச்சு! இந்த வண்டியில மனுஷன் உக்காருவானா?" என்றாள். கடைத்தெரு வரை போய்த் திரும்பிய ஓட்டம்தான். அவள் புருஷன் மறுபேச்சு பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அண்ணே, கேபினுக்குள்ள ஏதோ கோளாறு இருக்கு. சூடு எங்கேருந்து வருதுன்னு பாத்துச் சரி பண்ணிக் குடுங்க, எடுத்துக்கறேன்" என்றார். இவரும் உடனே, "ஆமாமா, கோளாறாத்தான் இருக்கும். நாளைக்கே மெக்கானிக்கிட்டக் காட்டிடறேன்" என்று தலையாட்டினார்.

நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிழிந்த சேலை கையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்குச் சூட்டு உடம்பு என்று யாருமே சொல்லவில்லையே!

அதே சீட்டில், அதே இடத்தில், வருஷக்கணக்காகக் கால் வெந்தவள் நான். எனக்கு மட்டும் அது சூட்டு உடம்பு. அவள் ஒரு தடவை சொன்னாள், வண்டிக் கோளாறு ஆகிவிட்டது.

அது பழைய பிக்கப். நாற்காலி மேசை வாடகைக்குக் கொடுக்கும் தொழிலுக்காக இவர் வாங்கியது. பின்னால் தட்டு நிறைய நாற்காலிகள், முன்னால் நாங்கள் இரண்டு பேர், என் மடியில் கேக் பெட்டி. ஆமாம், நான் கேக் செய்கிறவளாக இருந்தேன். விசேஷ வீடுகளில் நாற்காலி அவருடையது, கேக் என்னுடையது என்று ஒரு காலம் நடந்தது. மேடு பள்ளம் வந்தால் பின்தட்டில் நாற்காலியே எகிறிக் குதிக்கும், கேக் என்ன பாடு படும்? அதனால் பிள்ளையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்துக்கொண்டு போவேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எப்போதென்று தெரியாமல் கிரீம் இளக ஆரம்பித்தது. வீட்டில் கத்தி வைத்து வழித்த மாதிரி நேராக நிற்கும் ஓரம், போய்ச் சேரும்போது வழிந்திருக்கும். பூக்கள் முகம் கவிழ்ந்திருக்கும். நான் சர்க்கரையைக் கூட்டினேன், வெண்ணெயை மாற்றினேன், ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி எடுத்துப் பூ போட்டேன். விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கடைசியாகச் செய்தது ஒரு கல்யாண கேக். இரண்டு அடுக்கு. போய் இறக்கிப் பெட்டியைத் திறந்தால், மேல் அடுக்கு விருந்துக்கு வந்த குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கல்யாணப் பெண் அழவில்லை. சிரித்துக்கொண்டே "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. இவரிடம் மெதுவாக, "என்னங்க, வண்டி ரொம்பச் சூடா இருக்குங்க. அதான் இப்படி ஆகுது" என்றேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று இவருக்கும் தோன்றியிருக்கும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வண்டி என்னடி பண்ணும்? உனக்குச் சூட்டு உடம்பு, சூட்டுக் கை. தொட்டதெல்லாம் உருகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்று வரை என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் நம்பினேன் என்று கேட்டால், அந்த வயசு அப்படி. திடீர் திடீரென்று உச்சந்தலையிலிருந்து வியர்த்துக் கொட்டும், ஜன்னலோரம் போய் நின்று முந்தானையால் விசிறிக்கொள்வேன். அதோடு இவர், தன் பக்கத்தில் சூடே இல்லை என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, காற்றில் சட்டை படபடக்க ஓட்டுவார். ஒரே வண்டிக்குள் அவருக்குக் குளிர்கிறது, எனக்குக் கொதிக்கிறது என்றால் கோளாறு யாரிடம்? என்னிடம்தானே. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

என் நாத்தனார், எங்கள் எல்லோருக்கும் பாப்பா, பேரன் எடுக்கிற வயசிலும் பாப்பாதான், என்னிடம் கேக் கற்றுக்கொண்டவள். அவள் புருஷனிடம் கண்ணாடி ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகும் கார் இருந்தது. அவள் கேக் போகிற இடமெல்லாம் கல் மாதிரி போய் இறங்கியது. "பாப்பாவுக்குக் குளிர்ந்த கை" என்று பேச்சு கிளம்பியது. நானும் ஆமோதித்தேன். மிக்சர், அச்சுகள், பூப் போடும் குழல்கள் எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொன்றாகப் பேப்பர் சுற்றி அவளிடம் கொடுத்தேன். "அண்ணி, நெஜமாவா?" என்று கண் கலங்கி வாங்கிக்கொண்டாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அதற்கப்புறம் நான் பிக்கப்பில் ஏறவில்லை. எங்கே போனாலும் பஸ்தான்.

அந்த வாரம்தான் என் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. கேக் பாப்பா செய்வதாகப் பேச்சு. மகள் என்னிடம் ஒரு தடவை, "அம்மா, நீ பண்ணக் கூடாதா? எனக்கு நீ பண்ணணும்னு ஆசையா இருக்கு" என்றாள். "எதுக்குடி வம்பு, உன் நாளும் அதுவுமா என் சூட்டுக் கைய வச்சுக்கிட்டு" என்றேன். இரண்டாம் முறை கேட்கிற பிள்ளை இல்லை அவள்.

வண்டி பார்க்க வந்தவர்கள் போன மறுநாள் காலை இவர் சாவியை எடுத்தபோது, நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்கு?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

மெக்கானிக்குக்குக் கை ஓடுவதை விட வாய் அதிகம் ஓடும். ஆனால் முதல் கேள்வியே சரியான கேள்வி. "சூடு ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றார்.

"இந்தப் பக்கம்தான் தம்பி" என்றேன் நான். "முதல்ல பாதம், அப்புறம் முழங்கால். கிளம்பின உடனே இருக்காது, இன்ஜின் சூடானப்புறம் வரும். சிக்னல்ல நின்னா இன்னும் ஏறும். மழ பெய்யற நாள்லயும் வரும், அதனால வெயில் இல்ல. கீழேருந்து வரல, முன்னாலேருந்து வருது. டேஷ்போர்டுக்கு அடியில."

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அக்கா, எல்லாரும் இப்படிச் சொன்னா நான் மத்தியானமே கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனையும் என்னிடம் இருந்தது, வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. ஆனால் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இருந்தாலும் அவர் முறைப்படிதான் பார்த்தார். அடியில் படுத்துச் சைலன்சர் குழாயைத் தட்டிப் பார்த்தார், அதை மூடும் தகடு ஒழுங்காக இருந்தது. மிதியடி விரிப்பைத் தூக்கித் தரையில் ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது. அதில் துணியைத் திணித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். பாதி வழியில் குனிந்து என் பாதத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். "அம்மாடியோ!" என்று இழுத்துக்கொண்டார். 'அம்மாடியோ' என்று இன்னொருவர் வாயிலிருந்து வந்தது போதும் எனக்கு.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார். இன்ஜினிலிருந்து கேபின் சுவருக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைக் காட்டினார். "இது ஹீட்டருக்குப் போற தண்ணி. குளிர் நாட்டுக்காரன் அவனுக்காகச் செஞ்ச வண்டி. ஹீட்டர் பெட்டி சரியா உங்க முழங்காலுக்கு எதுக்க இருக்கு. நாம டேஷ்போர்டுல இருக்கற திருகைக் குளிர்ச்சிப் பக்கம் வச்சா, வால்வு மூடிக்கணும், ஒரு ஹோஸ் ஆறிப் போயிருக்கணும். தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். இரண்டும் சுட்டன. இந்த வண்டியில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் யார் அதைத் தேடப் போகிறார்கள்?

இடுக்கி போட்டு ஒரு ஹோஸை நெரித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, "உக்காருங்க அக்கா" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முழங்காலில் இருந்த அந்தப் பழகிய தகிப்பு குறைந்தது. அப்புறம் கணுக்கால். அப்புறம் பாதம். காய்ச்சல் விடுகிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்னங்க! கூடம் கோணல்தாங்க!" என்று கத்திவிட்டேன். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வால்வு துருப்பிடிச்சுச் சிக்கியிருக்கும்" என்று முனகிக்கொண்டே மெக்கானிக் உள்ளே கையை விட்டார். "இல்லையே, யாரோ கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கான்! இன்னாடா சோதனை. அக்கா, இது என்னன்னா, ரேடியேட்டர் வீக்கா இருந்து வழியில இன்ஜின் கொதிச்சா, இதத் திறந்து கட்டிடுவாங்க. இன்ஜின் சூட்டுல கொஞ்சம் கேபினுக்குள்ள போயிடும், இன்ஜின் தப்பிச்சுக்கும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான். அப்புறம் அவுத்துடணும். எந்தப் புண்ணியவானோ மறந்துட்டான்."

நானும் எட்டிப் பார்த்தேன். கம்பியை இடப்பக்கமாக முறுக்கி, முனையை உள்பக்கம் மடித்துச் சின்ன வளையமாகச் சுருட்டியிருந்தது. எங்கள் வீட்டுத் துணிக்கொடி அப்படித்தான் கட்டியிருக்கும். வாசல் கேட்டின் கீல், உடைந்த நாற்காலிக் கால், தொட்டிச் செடியின் குச்சி எல்லாம் அப்படித்தான். முனை யார் கையையும் குத்திவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை அந்த மனுஷனுக்கு. நான் இவரைப் பார்த்தேன். இவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் அதை வெட்டி எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டார்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் குளுகுளுவென்று இருந்தது. பாதி வழியில் ஒரு மரத்தடியில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"அது நான் கட்டினதுதான்" என்றார். "நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம். மேட்டு ரோட்டுல இன்ஜின் கொதிச்சுது, தட்டு நிறைய லோடு. கட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் ரேடியேட்டர மாத்தினேன். கம்பிய அவுக்க மறந்துட்டேன். சத்தியமா அப்புறம் ஞாபகமே வரல. அங்க பாத்தப்பதான் வந்துது."

"மறதி யாருக்கும் வரும்" என்றேன். "அத விடுங்க. நான் சொன்னேன்ல? வண்டி சுடுதுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? அந்தப் பொம்பள ஒரே ஒரு தடவ சொன்னா. உடனே நம்பினீங்களே. அது எப்படிங்க?"

இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே, "ஒரு நாளாவது உன் சீட்டுல உக்காந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. பாப்பாகிட்ட நான் பேசறேன். நம்ம பொண்ணுக்கு நீயே பண்ணு" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரவேற்பு. அவ கேக்கு சுட்டு முடிச்சு, பூப் போட ஆரம்பிச்சிருப்பா. அவ வாயில மண்ணப் போடச் சொல்றீங்களா?" என்றேன். அது உண்மைதான். சொல்லாத உண்மை வேறு. என் விரல்களை மடித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழலைப் பிடித்து, அழுத்தி, இதழின் முனை மெலியும்போது சட்டென்று விடுவிக்கிற அந்தப் பக்குவம் எங்கே இருந்தது என்று தேடினேன். அகப்படவில்லை.

மறுநாள் பாப்பா வீட்டுக் கார் விருந்தாளிகளை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கேக்கை எடுத்து வர வேறு வண்டி இல்லை. நாங்கள் போய் நின்றதும் பாப்பாவின் முகம் மாறியது. "அண்ணா, இந்த வண்டியிலயா? உருகி..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். "இப்ப உருகாது" என்றார் இவர். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும், உள்ளே ஓடிப் போய் ஒரு ஈரத் துண்டை மடித்துக் கொண்டுவந்தாள். "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. மடியில இத விரிச்சு அது மேல வச்சுக்குங்க. உங்க உடம்பு சூடு தாக்காம இருக்கும்."

வாங்கி விரித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இவர் இப்படி ஒரு நாளும் ஓட்டியதில்லை. பள்ளத்துக்கெல்லாம் பயந்து பயந்து, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட்டுக்கொண்டே போனார். பெட்டியின் மேல் மூடியில் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. நான் கேக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைச் சொன்னால் என்னைப் பெற்றவளே காறித் துப்புவாள். சொந்த மகளின் கேக், உருகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு ஓரம் சரியட்டும். சரிந்தால் என் கை நிஜமாகவே சூட்டுக் கைதான். அப்போது எனக்கு எதுவும் பறிபோகவில்லை என்று ஆகிவிடும். கம்பியும் ஹீட்டரும் எப்படியோ போகட்டும், நான் லாயக்கில்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வெண்ணெய்ப் பூக்கள் ஒரு இதழ்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கு."

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

மண்டபத்தில் மூடியைத் திறந்ததும் "ஆ!" என்று ஒரு சத்தம் எழுந்தது. "பாப்பா கையே கை!" என்றாள் ஒருத்தி. "குளிர்ந்த கைன்னா சும்மாவா?" என்றார் இன்னொருவர். பாப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். என் மகள் அத்தையைக் கட்டிக்கொண்டாள். இவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... எல்லாரும் கொஞ்சம் கேளுங்க, ஒரு விஷயம்..." என்றார். நாலைந்து பேர் திரும்பினார்கள். என்னவென்று சொல்வார்? கேக்கைச் சுற்றி எல்லோரும் சந்தோஷமாக நிற்கும்போது, நடுவில் ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டுவந்து வைப்பாரா? வைத்தால் பாப்பாவின் குளிர்ந்த கை என்ன ஆகும்? அவர் முழங்கையைப் பிடித்து, "பின் வரிசையில நாற்காலி பத்தல, போய்ப் பாருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "போங்க" என்றேன். போனார். நான் ஏன் தடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. பாப்பாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் அவ்வளவு சுலபமாக அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாது என்றும் இருந்திருக்கும்.

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே மின்விசிறி இல்லை. பக்கத்துச் சமையல்கட்டின் அடுப்பு அனல் சுவர் வழியாக வந்து அறையே புழுங்கியது. பெட்டியின் உள் ஓரத்தில் ஒரு பூவின் பாதி ஒட்டியிருந்தது, தூக்கி எடுக்கும்போது உரசியிருக்க வேண்டும். அதை ஆள்காட்டி விரலால் வழித்து எடுத்தேன். வாயருகே கொண்டு போனவள் நிறுத்திவிட்டு, விரலை முகத்துக்கு நேரே பிடித்தேன். வெளியே கை தட்டினார்கள். கேக்கை வெட்டுகிறார்கள் போல.

"அம்மா, எங்க இருக்க? போட்டோவுக்கு உன்னத்தான் தேடறாங்க" என்று வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது.

"இதோ வர்றேன்டி" என்றேன்.

கழுத்திலிருந்து வியர்வை முதுகுக்கு இறங்கியது. விரல் நுனியில் அந்த அரைப் பூ, குழல் போட்ட வரிகள்கூடக் கலையாமல், உருகாமல் நின்றுகொண்டிருந்தது.